பதினான்கு விநாடி

முகம் பார்க்காமல் வயது சொல்வேன் நான்.
அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றாம் மாடி,
காதில் ஹெட்செட், மேசையில் ஆறிப்போன டீ,
தவணை தவறியவர்களின் பட்டியல்.
ஹலோ என்று முடிப்பதற்குள் தெரிந்துவிடும்
எத்தனை இரவு தூங்கவில்லை என்று.

குணசீலன், திருவொற்றியூர், லேத் பட்டறை.
வயது நாற்பத்து மூன்று என்கிறது திரை.
போன ஆடியில் முதல் முறை கூப்பிட்டபோது
"சொல்லுங்க மேடம்" என்றார்,
பின்னால் இயந்திரம் இரும்பைச் சீவிக்கொண்டிருந்தது.
கார்த்திகையில் அந்தச் 'சொல்லுங்க'வில் ஒரு விரிசல்.
தை மாதம் இரும்புச் சத்தம் இல்லை.
பங்குனியில் எடுத்தது அவர் அப்பா என்று நினைத்து
"உங்க பையன்கிட்ட போனைக் கொடுங்க" என்றேன்.
"நான்தாம்மா" என்றது குரல்.
மேடம் எப்போது அம்மா ஆனேன்,
கவனிக்கவில்லை.

முடி கொட்டுகிறது, நாள் தள்ளிப்போகிறது,
முப்பத்து நாலு வயதில் நூற்று ஐம்பது பிரஷர் என்று
அயனாவரம் இ.எஸ்.ஐ.க்குப் போயிருந்தேன்.
"உடம்புக்குத் தேதி கிழமை தெரியாது, ஸ்டெல்லா.
போன் அடித்தாலும் அதற்குத் தீப்பிடித்த மாதிரிதான்.
உடனே எல்லாக் குழாயையும் திறந்துவிடும்.
தீ அணைந்தால் மூடும்.
உன் வேலையில் தீ எப்போது அணையும்?"
எழுதிக்கொண்டே கேட்டார் டாக்டர்.
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
வெளியே இன்னும் நாற்பது டோக்கன்.

பஸ்ஸில் நின்றபடி
அதை எங்கள் ஆபீஸ் பாஷைக்கு மாற்றிப் பார்த்தேன்.
ஒவ்வொரு பதற்றத்துக்கும் உடம்பு கைமாற்று தருகிறது.
இதயத்துக்குக் கொஞ்சம், மூச்சுக்குக் கொஞ்சம்.
எடுப்பது எங்கிருந்து?
ஐம்பத்தைந்துக்கென்று போட்டு வைத்த முழங்காலிலிருந்து,
ஞாபகத்திலிருந்து,
பின்தலைக் கறுப்பிலிருந்து.
நோட்டீஸ் அனுப்பாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தாது.
மாதா மாதம் வந்து
ஏதோ ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போகும்.
எங்களைவிட நாகரிகமான வசூல்.

நேற்று தர ஆய்வுக்குக் கூப்பிட்டார்கள்.
கண்ணாடி அறை, டீம் லீடர் நஸ்ரின்,
கணினியில் என் ஒலிப்பதிவுகள் வரிசையாய்.
சித்திரை மாதத்தை ஓட்டினாள்.
நான்: இன்னைக்கு எவ்வளவு கட்டுவீங்க?
அவர்:
நான்:
"இங்க பாருங்க, பதினான்கு விநாடி ஒண்ணுமே இல்ல.
ஸ்கிரிப்ட்ல இப்படி எதுவும் கிடையாதே."
கிடையாதுதான்.
மறுபடி போட்டாள். சத்தம் கூட்டினாள்.
அவர் பக்கம் தூரத்தில் ஏதோ மணி,
ரயில்வே கேட்டோ, கோயிலோ.
என் பக்கம் ஏசி கெட்டுப்போன அன்று ஓடிய டேபிள் ஃபேன்.
நடுவில் இரண்டு மூச்சு.
முதலில் முந்திக்கொண்டு ஓடின,
பிறகு மெல்ல மெல்ல இறங்கின,
எதிரெதிரே பாரம் சுமந்து வந்த இருவர்
படிக்கட்டின் ஒரே திருப்பத்தில் இறக்கி வைத்த மாதிரி.
அவ்வளவுதான். யாரும் எதையும் தள்ளுபடி செய்யவில்லை.
பதினைந்தாவது விநாடியில் நான்
"லேட் ஃபீஸ் தனியா வரும் சார்" என்கிறேன்.

நஸ்ரின் மூன்று மதிப்பெண் குறைத்தாள்.
குறைக்கும்போது
தன் பிடரியைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டாள்.
இருபத்தேழு வயது.
குனிந்த உச்சியில் நாலைந்து இழை
மருதாணிச் சிவப்பு.

எழுந்தவள் நின்று ஒன்று கேட்டேன்.
போன ஆடிப் பதிவு இருக்கா?
இருந்தது.
இரும்பு சீவும் சத்தம். "சொல்லுங்க மேடம்."
அப்புறம் இன்னொரு குரல்,
வெடுக்கென்று,
கஞ்சி போட்டுக் காயவைத்த புடவையின் மொடமொடப்போடு.
யாரு இந்தப் பொண்ணு
என்று கேட்க வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.

நாளைக்கு ஐந்தாம் தேதி.
பட்டியலில் அவர் ஒன்பதாவது.